மூச்சை அளந்த வரலாறும் புகைப்போரின் இரண்டு சமாதானங்களும்



புகைபிடிக்கும் ஒருவரிடம் அப்பழக்கத்தை விட்டுவிடுமாறு கூறினால், பெரும்பாலும் இரண்டு சமாதானங்களுள் ஒன்றே பதிலாக வரும். இளையவராயின், "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்பார். மூத்தவராயின், "இத்தனை ஆண்டுகள் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன ஆகப்போகிறது?" என்பார். இவ்விரண்டிற்கும் எண்களால் விடை கூறும் கருவி ஒன்று மருத்துவ உலகில் உண்டு. ஸ்பைரோமீட்டர் எனப்படும் மூச்சளவியே அது. அக்கருவியின் வரலாற்றை அறிந்தால் அவ்விடைகளும் விளங்கும்.

இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவரான ஜான் ஹட்சின்சன், 1846-ஆம் ஆண்டில் தம் மூச்சளவியைப் பற்றிய விரிவான ஆய்வுரையை வெளியிட்டார். நீர் நிறைந்த கலம் ஒன்றில் மணி போன்ற பாத்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மூச்சை முழுவதும் உள்ளிழுத்தவர் குழாயின் வழியே முழுவதும் ஊதினால், பாத்திரம் மேலே எழும். எழுந்த உயரமே வெளிவந்த காற்றின் அளவைக் காட்டும். அவ்வளவிற்கு அவர் 'உயிர்ப்புத்திறன்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். மாலுமிகள், காவலர்கள், தீயணைப்பாளர்கள், அச்சுத் தொழிலாளர்கள், ஏழைகள், சீமான்கள் எனப் பலதரப்பட்ட 2,130 பேரை அவர் அளந்தார். உயரம் கூடக்கூட உயிர்ப்புத்திறன் கூடுவதையும், முதுமையில் அது குறைவதையும் கண்டறிந்தார். இன்றும் சோதனைக்கு முன் நம் உயரத்தையும் வயதையும் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஹட்சின்சன் தேடியது புகையின் கேட்டை அன்று. அக்காலத்தில் பலரைப் பலிகொண்ட காசநோயை முன்கூட்டியே கண்டறிவதே அவருடைய நோக்கம். ஆயுள் காப்புறுதி பெற வருவோரைச் சோதிக்கவும் தம் கருவி பயன்படும் என அவர் கருதினார். அவர் 1852-இல் இங்கிலாந்தை விட்டு ஆஸ்திரேலியா சென்றார். பின்னர் ஃபிஜித் தீவை அடைந்து 1861-இல் அங்கேயே காலமானார். சிகரெட்டை விரைவாக உருட்டும் இயந்திரத்திற்கு அமெரிக்காவில் ஜேம்ஸ் பான்சாக் காப்புரிமை பெற்றது 1881-இல்தான். அதன் பின்னரே சிகரெட் மலிந்து, கோடிக்கணக்கானோரின் கையை அடைந்தது. நோயை அளக்கும் கருவி முன்பே பிறந்துவிட்டது; அது அளக்க வேண்டிய பெருங்கேடு பின்னர்தான் பரவியது.

எனினும், மொத்தக் காற்றை மட்டும் அளந்தால் போதாது. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு புட்டிகளைக் கவிழ்ப்பதாக எண்ணிக்கொள்வோம். அகன்ற கழுத்துடைய புட்டி விரைவில் காலியாகும். குறுகிய கழுத்துடையது மெல்ல மெல்லவே காலியாகும். புகையால் மூச்சுக்குழல்கள் குறுகியவரின் நிலையும் இத்தகையதே. 1947-இல் பிரான்சு நாட்டின் தீஃப்னோ, பினெல்லி ஆகிய இருவரும், வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளிவரும் காற்றை அளக்கும் முறையை முன்வைத்தனர். ஊதிய மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வருவது 70 விழுக்காட்டிற்குக் குறைவாக இருந்தால், மூச்சுப்பாதையில் தடை உண்டு என்பது இன்று பரவலாகக் கையாளப்படும் வரையறை. மூச்சுக்குழல்களை விரிக்கும் மருந்தை அளித்த பின்னரும் அவ்விகிதம் குறைந்தே இருந்தால், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கக்கூடும் என மருத்துவர் ஆராய்வார்.

இனி முதற் சமாதானத்திற்கு வருவோம். மருத்துவர் சார்ல்ஸ் ஃபிளெட்சரும் அவர்தம் குழுவினரும், 1961-இல் தொடங்கி எட்டு ஆண்டுகள், மேற்கு லண்டனில் உழைக்கும் ஆடவர் 792 பேரின் மூச்சை மீண்டும் மீண்டும் அளந்தனர். அதன் முடிவுகளை ஃபிளெட்சரும் புள்ளியியல் அறிஞர் ரிச்சர்ட் பீட்டோவும் 1977-இல் சுருக்கிக் கூறினர். நடுவயதுக்குப் பின் மூச்சுத்திறன் எல்லார்க்கும் சிறிது சிறிதாகக் குறைகிறது. ஆனால், புகையால் எளிதில் பாதிக்கப்படும் இயல்புடையவர்க்கோ அது விரைந்து சரிகிறது. நுரையீரலின் திறன் பெரிய சேமிப்பு போன்றது. நாள்தோறும் சிறு தொகை களவு போனாலும், சேமிப்பு பெரிதாயின் உடையவர் உணரமாட்டார். மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கும் நாளில், பெரும்பகுதி முன்பே போயிருக்கும். ஆகவே, "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்பது, "நான் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை" என்பதன் மறுபெயரே.

இரண்டாம் சமாதானத்திற்கும் அவ்வாய்விலேயே விடை உண்டு. இழந்த திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆனால், புகையை விட்டவரின் சரிவு, புகைக்காதவரின் இயல்பான சரிவை ஒத்ததாகிவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986-இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்று இதனை உறுதி செய்தது. இலேசான மூச்சுத்தடை இருந்த 5,887 புகைப்போர் அதில் இடம்பெற்றனர். பதினோராண்டுக் கணக்கை 2002-இல் வெளியிட்டபோது, புகையை விட்டு அதனைத் தொடாதிருந்த ஆடவரின் முதல் விநாடி மூச்சு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டரும், தொடர்ந்து புகைத்த ஆடவர்க்கு ஏறத்தாழ 66 மில்லிலிட்டரும் குறைந்திருந்தன. பதினோராண்டில் இவ்வேறுபாடு ஏறக்குறைய 400 மில்லிலிட்டராகும். 'கண் கெட்ட பிறகு சூரிய வணக்கமா?' என்னும் பழமொழி இங்குப் பொருந்தாது. எஞ்சிய கண்ணைக் காக்கும் வழி இது.

ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்க ஆய்வு ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயர் பகுதியில் நடத்தப்பட்டு 2008-இல் வெளிவந்தது அது. புகைப்போர் 561 பேருக்கும் மூச்சுச் சோதனை செய்தனர். ஒரு பிரிவினர்க்கு வெறும் எண்ணை மட்டும் அனுப்பினர். மற்றப் பிரிவினர்க்கு, "உங்கள் நுரையீரலின் வயது இத்தனை" என்று விளக்கிக் கூறினர். ஓராண்டுக்குப் பின், முதற் பிரிவில் 6.4 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 13.6 விழுக்காட்டினரும் புகையை விட்டிருந்தனர். அதிலும் வியப்பு யாதெனில், மோசமான முடிவைப் பெற்றவர்கள்தாம் அதிகம் விட்டனர் என்பதில்லை. நல்ல முடிவைப் பெற்றவர்களும் அவ்வாறே விட்டனர். அச்சத்தைவிடத் தெளிவே மனிதரை மாற்றியது போலும். மதிப்பெண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பதற்கும், அதன் பொருளை அருகமர்ந்து விளக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் வகுப்பறையில் அறிவோம் அல்லவா?

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. இது நுரையீரல் புற்றுநோயைக் காட்டாது. முடிவு இயல்பாக இருப்பதால் தொடர்ந்து புகைக்கலாம் என்று பொருளாகாது. அறிகுறி எதுவும் இல்லாத அனைவரையும் இதற்கு அழைக்க வேண்டியதில்லை என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2022-இல் மீண்டும் வலியுறுத்திய கருத்து. ஆனால், புகைப்பவரோ முன்பு புகைத்தவரோ நீங்காத இருமல், சளி, நடக்கையில் மூச்சுவாங்கல் ஆகியவற்றை "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கலாகாது. மருத்துவரிடம் இச்சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். சில நிமிடங்களே ஆகும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலையே பின்பற்றுவர். புகையை விடுவதற்கு எந்தச் சோதனை முடிவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அளந்தாலும் அளக்காவிட்டாலும், விட்ட நாளிலிருந்தே மிச்சம் இருப்பது காக்கப்படும்.