துணி வெளுக்க வந்த தூள்

மழைக்காலத்தில் நோய் பரவும்போது ஊர்க் கிணற்றிலும் குடிநீர்த் தொட்டியிலும் ஒரு வெள்ளைத் தூளைக் கரைத்து ஊற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நெடியை ஒருமுறை முகர்ந்தவர் மறப்பதில்லை. பாடநூல்கள் அதைச் 'சலவைத் தூள்' என்கின்றன. கடையில் 'பிளீச்சிங் பவுடர்' என்று கேட்டு வாங்குகிறோம். துணி துவைக்கும் சோப்புத் தூள் வேறு, இது வேறு.

குடிநீரில் இடும் பொருளுக்குச் சலவையின் பெயர் எப்படி வந்தது? இதற்கு விடை காண நாம் சுமார் 250 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

புல்வெளியில் பல மாதம்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆளிச் செடியின் நாரினால் நெய்த லினன் துணியே பெரிதும் வழக்கில் இருந்தது. தறியிலிருந்து இறங்கும்போது அத்துணி பழுப்பு நிறமாக இருக்கும். அதை வெளுப்பது எளிதன்று. முதலில் சாம்பற் காரநீரில் வேகவைப்பார்கள். பிறகு புல்வெளியில் விரித்து, நீர் தெளித்து, நாட்கணக்கில் வெயிலில் காயவிடுவார்கள். அதன்பின் புளித்த மோரில் ஊறவைப்பார்கள். துணி வெண்மையாகும் வரை இதே வேலை திரும்பத் திரும்ப நடக்கும். வேனிற்காலம் முழுவதும் இதிலேயே கழிந்துவிடும். ஹாலந்து நாட்டின் ஹார்லெம் நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது.

1756இல் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹோம், மோருக்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். மோரில் ஊறும் காலம் குறைந்தது. ஆனால் வெயிலை அவசரப்படுத்த யாரால் முடியும்?

பச்சை நிற வாயு

1774இல் சுவீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, மாங்கனீசு டை ஆக்சைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினார். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், மூச்சை அடைக்கும் வாயு ஒன்று வெளிவந்தது. அந்த வாயு பட்ட இலைகளும் மலர்களும் நிறம் இழந்ததை அவர் கண்டார். அதுவே குளோரின். அது ஒரு தனிமம் என்று 1810இல் நிறுவி அதற்கு இப்பெயரைச் சூட்டியவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி.

மலரை வெளுக்கும் வாயு துணியையும் வெளுக்குமல்லவா? 1785இல் பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தொலே இதைச் செய்து காட்டினார். அதற்கு அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை. கேட்டவர்க்கெல்லாம் செய்முறையைச் சொன்னார். நீராவிப் பொறியின் மேதை ஜேம்ஸ் வாட் பாரிசில் இதைக் கண்டறிந்து, கிளாஸ்கோ நகரில் சலவைத் தொழில் நடத்திய தம் மாமனாரிடம் கொண்டு சேர்த்தார்.

ஆனால் வாயுவைக் கையாண்ட தொழிலாளர்கள் இருமித் தவித்தார்கள். வாயுவைப் பொட்டாஷ் காரநீரில் செலுத்தியபோது நெடி குறைந்தது. பாரிசின் ஜாவெல் பகுதியில் தயாரான அந்தத் திரவம் 'ஜாவெல் நீர்' எனப் பெயர் பெற்றது. எனினும் பொட்டாஷ் விலை மிகுந்தது. திரவத்தைத் தொலைவிடங்களுக்கு அனுப்புவதும் கடினம்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் ஸ்காட்லாந்தில் சலவைத் தொழில் செய்த சார்லஸ் டென்னன்ட். அவர் விலை குறைந்த சுண்ணாம்பை நாடினார். முதலில் சுண்ணாம்பு நீரைப் பயன்படுத்தினார். 1799இல் உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்பின்மீது குளோரினைச் செலுத்தித் தூள் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மழைச் சட்டைக்குப் பெயர் தந்த சார்லஸ் மெக்கிண்டாஷுக்கும் இதில் பங்குண்டு. பீப்பாயில் அடைத்து எங்கும் அனுப்பக்கூடிய வெளுப்பான் கிடைத்துவிட்டது. மாதக்கணக்கில் நடந்த வேலை சில நாட்களில் முடிந்தது. துணி விரித்த புல்வெளிகள் வேறு பயனுக்கு விடுபட்டன.

நாற்றத்திலிருந்து நோய்க்கு

வெளுக்கும் பொருள் துர்நாற்றத்தையும் போக்குவதை மக்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். 1820களில் பாரிஸ் மருந்தாளர் லபராக், விலங்குக் குடலிலிருந்து நரம்புக் கயிறு செய்யும் பட்டறைகளின் அழுகல் நாற்றத்தைக் குளோரின் கரைசல்களால் போக்கினார்.

இனி வியன்னா நகரின் பொது மருத்துவமனைக்கு வாருங்கள். அங்கே இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயின்றார்கள். 1846இல் முதற்பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். இரண்டாம் பிரிவிலோ மூன்று பேருக்கும் குறைவு. பிரசவக் காய்ச்சலே இதற்குக் காரணம். முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம்.

அங்கே பணிபுரிந்த இளம் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடினார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெச்கா, பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறியதால் இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட அறிகுறிகள் இறந்த தாய்மார்களிடம் கண்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை புலப்பட்டது. மாணவர்கள் பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிண அறைக்குள் செல்வதே இல்லை!

சோப்பினால் கழுவிய பின்னும் கையில் பிணவாடை மிஞ்சியது. வாடையைப் போக்கும் பொருள் அதற்குக் காரணமான நச்சையும் போக்கும் என்று அவர் எண்ணினார். முதலில் குளோரின் நீரையும், பின்னர் விலை குறைந்த சலவைத் தூள் கரைசலையும் வைத்து, அனைவரும் அதில் கை கழுவ வேண்டும் என்று மே மாதத்தில் ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு ஜூனில் 2 அளவுக்கும், ஜூலையில் 1 அளவுக்கும் இறங்கியது.

இவ்வளவு தெளிவான கணக்கையும் பல பெரிய மருத்துவர்கள் ஏற்க மறுத்தார்கள். தங்கள் கைகளே நோயைக் கொண்டுசென்றன என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. 1849இல் அவருடைய பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. 1865இல் அவர் மனநல விடுதியில் இறந்தார். நோய்க்கிருமிகள் பற்றிய உண்மை நிலைபெற்ற பின்னரே உலகம் அவரைப் போற்றியது.

ஒரே குணம், இரு பயன்

நிறம் போக்கும் தூள் கிருமியைக் கொல்வது எப்படி? முற்றிலும் உலர்ந்த குளோரின் துணியை வெளுக்காது, ஈரம் வேண்டும். சலவைத் தூளை நீரில் கரைத்தால் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. இது வலிமைமிக்க ஆக்சிஜனேற்றி. நிறம் தரும் மூலக்கூறுகளைச் சிதைத்துத் துணியை வெளுப்பதும், கிருமியின் உறையையும் நொதிகளையும் சிதைத்து அதைக் கொல்வதும் இந்த ஒரே குணந்தான்.

கைக்குப் பின் நீரின் முறை வந்தது. 1908 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில், மருத்துவர் ஜான் லீல் சலவைத் தூள் கரைசலைத் தொடர்ந்து கலக்கச் செய்தார். குடிநீரில் மருந்து கலப்பதா என்று வழக்கு மன்றத்தில் வாதம் நடந்தது. முடிவில் முறை பாதுகாப்பானதே என்று ஏற்கப்பட்டது. பிற நகரங்களும் அதைப் பின்பற்றின.

உங்கள் கையில்

நல்ல சலவைத் தூளில் பயன்படும் குளோரின் சுமார் 33 விழுக்காடு இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அது வீரியம் இழக்கும்; ஆகவே இறுக மூடி, நிழலில் வையுங்கள். தெளிந்த கிணற்று நீர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் தேவை. தூளைச் சிறிது நீரில் குழைத்து, தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கலங்கல் நீரானால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்; முதலில் வடிகட்டுங்கள். பட்டையும் கம்பளியையும் இத்தூளால் வெளுக்காதீர்கள், இழை கெட்டுவிடும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் ஷீலே கண்ட அதே நச்சு வாயு உங்கள் வீட்டிலேயே கிளம்பும்!

டென்னன்ட் துணியை எண்ணினார்; லபராக் நாற்றத்தை எண்ணினார். செம்மல்வைஸ் இறந்த தாய்மார்களை ஒவ்வொருவராக எண்ணிக் கணக்கிட்டார். அந்தக் கணக்குத்தான் துணி வெளுக்க வந்த தூளை உயிர் காக்கும் தூளாக்கியது. அடுத்தமுறை குடிநீரில் அந்த நெடி வந்தால் முகம் சுளிக்காமல் அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.