ராணிப்பேட்டை குரோமியக் குவியல் பிறந்த கதை

வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசைத் தாண்டி, நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் அரை மணி நேரம் போனால் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே மூடிய ஆலை ஒன்றின் வளாகத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்தது. மழை பெய்தால் அதைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் மஞ்சளாக மாறும்.

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமில் போட்டால் ஒரே நாளில் தோல் நீலமாக வெளிவரும். 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக முடித்த தோலை ஊக்குவித்தது. குரோமுக்குக் கிராக்கி கூடியது. அந்தப் பத்தாண்டின் நடுவில்தான் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் சிப்காட்டில் உற்பத்தி தொடங்கியது.

குரோமைட் தாதுவைச் சோடா உப்பு, சுண்ணாம்புடன் கலந்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுப்பார்கள். தாதுவில் கரையாமல் கிடந்த மூன்று இணைதிறன் குரோமியம், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று ஆறு இணைதிறன் கொண்டதாகிறது. இது தண்ணீரில் சட்டென்று கரையும், புற்றுநோயை உண்டாக்கும். வறுத்ததைத் தண்ணீரில் அலசினால் மஞ்சள் கரைசல், அமிலம் சேர்த்தால் ஆரஞ்சு நிற சோடியம் டைகுரோமேட். ராணிப்பேட்டையில் இதைக் கொண்டு டேனரிகளுக்கான பச்சைக் குரோம் தூளைத் தயாரித்தார்கள். அந்தத் தூளில் குரோமியம் மீண்டும் மூன்று இணைதிறனுக்குத் திரும்பிவிடும். ஆபத்துக் குறைந்த சரக்கு விற்பனைக்குப் போனது. அலசியும் வராத நஞ்சு, கசடோடு வெட்டவெளியில் கொட்டப்பட்டது. ஒவ்வொரு மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து நிலத்தடிக்கு இறக்கியது.

1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிக் கழிவுநீருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது: மாசு செய்தவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன சூழலை மீட்கும் செலவையும் அவரே ஏற்க வேண்டும். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. ஆனாலும் ஆலை மூடி இருபத்தைந்து ஆண்டு கடந்தபோதும் குவியல் அகற்றப்படவில்லை.

வழி தெரியாமல் இல்லை. இரும்பு சல்பேட் சேர்த்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக மாறும். பிறகு தண்ணீர் புகாத குழியில் மூடிவிடலாம். கெட்ட நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். பணம் கட்ட வேண்டிய ஆலை மூடிக்கிடக்க, செலவு மக்கள் தலையில் விழுகிறது. ஆகவே இப்படிப்பட்ட ஆலைக்கு உரிமம் கொடுக்கும் நாளிலேயே, கழிவை அகற்றுவதற்கான தொகையையும் பிணையாக வாங்கி வைக்க வேண்டும். லாபம் வரும் காலத்தில் கேட்டால்தான் அந்தப் பணம் கிடைக்கும்.