சசேத்ஸ்கி, லெவ்

சோவியத் படைவீரர். மூளைக்காய மறுவாழ்வின் வரலாற்றில் மறக்கக் கூடாத பெயர். 1943 மார்ச்சில் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் துப்பாக்கிக் குண்டு இடப்பக்க மூளையின் பின்பகுதியைச் சிதைத்தது. வலப்பக்கப் பார்வை பறிபோனது, எழுத்துகள் மறந்தன. மருத்துவமனையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தடுமாறியவரிடம், கையை எடுக்காமல் முழுச்சொல்லையும் ஒரே வீச்சில் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டார். பழகிய கையசைவு சேதத்துக்குத் தப்பியிருந்தது. ஆனால் தான் எழுதியதையே எளிதாகப் படிக்க இயலவில்லை. நாள் முழுதும் போராடினாலும் சிலசமயம் அரைப் பக்கம்தான் தேறும். அப்படியே ஏறத்தாழ 25 ஆண்டுகளில் தன் நிலை குறித்து 3000 பக்கக் குறிப்புகள் எழுதினார், வியப்புக்குரிய உழைப்பு. நெடுங்காலம் அவரைக் கவனித்துவந்த நரம்பு உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா, அக்குறிப்புகளைக் கொண்டு 1971இல் ஒரு நூல் வெளியிட்டார். முழுக் குணம் கடைசிவரை கிட்டவில்லை.