மனசுக்குள்ள ஓடுற படம்

வருஷம் பிறந்தால் உடற்பயிற்சி தொடங்குகிறவர்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். முதல் நாள் இரவே மனசுக்குள்ள ஒரு படம் ஓடும்: மெலிந்த உடம்பு, இறுகின புஜம், "என்னடா இப்பிடி மாறிட்டாய்" என்று கேட்கிற கூட்டாளிகள். இரண்டு கிழமையில் சப்பாத்து மூலைக்குப் போய்விடும். அதற்கு நாங்கள் வைக்கிற பெயர் சோம்பல். ஆனால் பிழை அந்தப் படத்திலேயே இருக்கலாம் என்கிறது வரலாறு.

கற்பனைக்கு உடம்பை அசைக்கும் வலு உண்டு. ஓர் அசைவைப் பற்றிய நினைப்பே எங்களை அறியாமல் தசையை இயக்கிவிடும் என்று 1852இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கார்பென்டர் விளக்கினார். 1930களின் தொடக்கத்தில் சிக்காகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் அதை அளந்தே காட்டினார். கையை மடக்குவதாக நினைக்கச் சொன்னார். கண்ணுக்குக் கை அசையவில்லை. தசையில் மட்டும் மிகச் சிறிய மின்துடிப்புப் பதிவானது.

அப்படியென்றால் நல்லதையே கற்பனை செய்தால் போதுமா? அங்கேதான் கதை திரும்புகிறது.

1991இல் காப்ரியேலே ஓட்டிங்கனும் தோமஸ் வோடனும் எடை குறைக்கும் திட்டமொன்றில் சேர்ந்த 25 பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை நன்றாகக் குறைந்தது. மெலிந்துவிட்ட தங்களை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கோ குறைவாகவே குறைந்தது. நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு. கிடைத்துவிட்டது போல மனம் ருசித்துவிட்டால், பிறகு கால் ஏன் ஓடப்போகிறது?

1999இல் லியன் பாமும் ஷெல்லி டெய்லரும் கலிபோர்னியாவில் மாணவர்களிடம் இதையே பரீட்சையை வைத்துப் பார்த்தார்கள். நல்ல புள்ளி கிடைத்ததாகக் கற்பனை செய்தவர்களைவிட, மேசையில் இருந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்களே கூடப் படித்தார்கள், கூடப் புள்ளியும் எடுத்தார்கள்.

இதற்கு மிகப் பெரிய மேடை 2008 பீஜிங் ஒலிம்பிக். பயிற்சியாளர் பொப் போமனின் சொல்லுக்கிணங்க மைக்கேல் பெல்ப்ஸ் போட்டியை மனசுக்குள்ள படம் போல ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பிழைத்துப்போனால் என்ன செய்வது என்பதும் அந்தப் படத்தில் இருந்தது. 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சல் இறுதிப் போட்டியில் அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து பார்வை மறைந்தது. அவர் பதறவில்லை. கைவீச்சுகளை எண்ணி எண்ணியே நீந்தி, 1 நிமிடம் 52.03 செக்கனில் உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

ஆக, மனப்படம் பழுதில்லை. எதைப் படமாக்குகிறோம் என்பதுதான் விசயம். கண்ணாடியில் தெரியப்போகிற உடம்பை விட்டுவிடுவோம். நாளை விடிய அலாரம் அடிப்பதை, சப்பாத்து நாடாவைக் கட்டுவதை, முதல் ஐந்து நிமிட மூச்சிரைப்பை நினைப்போம். மழை வந்தால் விறாந்தையில் நின்று குந்தி எழும்பலாம், சந்தி நாய் குரைத்தால் மற்ற ஒழுங்கையால் போகலாம் என்பதையும் சேர்த்தே ஓட்டிப் பார்ப்போம். இந்தப் படத்தில் கைதட்டல் இருக்காது. ஆனால் விடிய எழும்ப உதவுவது இதுதான்.