கரையில் உடையும் சொல்

'சர்ஃப்' என்றதும் நம் இல்லங்களில் சலவைத்தூள்தான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்திலோ அது கரையை நெருங்கி நுரைத்து உடையும் அலைகளைக் குறிக்கும் சொல். அதன் வரலாறு நம் கடற்கரையோடு பிணைந்தது என்பதைப் பலர் அறியார்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'சஃப்' என்றும், 1680களில் இன்றைய வடிவிலும் பதிவாகும் இச்சொல், தொடக்கத்தில் இந்தியக் கடற்கரையைப் பற்றியே பெரிதும் வழங்கியது. காரணம் விளங்கக்கூடியதே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குக் காப்புடைய துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் கரை சேர்ந்தன. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த அப்படகுகள் அலையின் அடிக்கு நெகிழ்ந்து கொடுத்தன. ஐரோப்பியரின் விறைத்த படகுகளால் அது இயலவில்லை. கோட்டையை ஆண்டவர்களும் அந்த நுரையலைகளைக் கடக்கும் வரை நம் படகோட்டிகளின் தயவில்தான் இருந்தார்கள்.

அதனால் இது இந்தியச் சொல்லே என்று சாதிக்கலாமா? அகராதியாளர்கள் அந்த வாய்ப்பை மறுக்கவில்லை. எந்த மொழி, எந்தச் சொல் என்று காட்டவும் இல்லை. நம் கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனதற்கும், அரபியின் 'மவ்ஸிம்' போர்த்துகீசியர் வழியே 'மான்சூன்' ஆனதற்கும் தடயம் உண்டு. இதற்கு இல்லை. ஒலியொற்றுமையை மட்டும் வைத்து வேர் கற்பிக்கும் நம்மவர் ஆர்வத்தை இங்கே அடக்கிக்கொள்வதே நேர்மை.

ஹவாய்த் தீவினரின் தொன்மையான அலையேற்றக் கலை உலகெங்கும் பரவியபோது, 20ஆம் நூற்றாண்டில் இப்பெயர்ச்சொல் அலைமீது சறுக்கிச் செல்வதைக் குறிக்கும் வினையுமாயிற்று. பின்னர் தொலைக்காட்சியில் நிலையம் விட்டு நிலையம் தாவுவதற்கும் அதுவே பெயர். 1992இல் ஜீன் ஆர்மர் பாலி என்ற அமெரிக்க நூலகர் தம் கட்டுரைத் தலைப்பில் இட்டதிலிருந்து, இணையத்தில் திரிவதற்கும் அது பரவலாயிற்று. தமிழில் நாம் அலையை விட்டுவிட்டோம்; 'உலாவுதல்' என்கிறோம்.