எதிராளியைத் தேர்ந்தெடுத்தல்: கலிபோர்னியாவில் ஒரு செனட் இருக்கைக்கு வாரிசு அமைந்த விதம்

கலிபோர்னியாவின் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று 2023 பிப்ரவரி 14 அன்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 89. ஆனால் அந்த இருக்கைக்கான ஓட்டம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கேட்டி போர்ட்டர் ஜனவரி 10 அன்றே களத்தில் இறங்கிவிட்டார். அதே சபையின் மற்றோர் உறுப்பினரான ஆடம் ஷிஃப் ஜனவரி 26 அன்று வந்து சேர்ந்தார். இருந்தவர் எழுந்திருக்கும் முன்பே பேருந்துச் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடித்த கதைதான் அது. ஃபைன்ஸ்டைன் நிற்காவிட்டால் தன் ஆதரவு ஷிஃப்புக்கே என்று அச்சபையின் முன்னாள் தலைவர் நான்சி பெலோசி பிப்ரவரி 2 அன்று சொன்னார். மூன்றாமவரான பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பார்பரா லீ தன் போட்டியை முறையாக அறிவிப்பதற்குள் பிப்ரவரி மூன்றாம் வாரம் ஆகிவிட்டது.

1913-இல் நடைமுறைக்கு வந்த 17-ஆம் அரசியலமைப்புத் திருத்தப்படி, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே ஓய்வுபெறுபவரின் வாரிசை முடிவு செய்வது நவம்பர் வாக்காளர் என்பது சட்டத்தின் கணக்கு. ஒரே கட்சி ஓங்கி நிற்கும் மாநிலத்தில் இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. கலிபோர்னியாவில் குடியரசுக் கட்சி கடைசியாக ஒரு செனட் தேர்தலில் வென்றது 1988-இல். அங்கே முடிவு முதற்கட்டத் தேர்தலிலேயே விழுந்துவிடுகிறது. அதையும் வெல்பவர் யார் என்பதைவிட, இரண்டாம் இடத்துக்கு வருபவர் யார் என்பதே தீர்மானிக்கிறது. அந்த இரண்டாம் இடத்தைப் பணமுள்ள வேட்பாளர் தனக்கு ஏற்றபடி நிரப்பிக்கொள்ள முடியும் என்பதை 2024-ஆம் ஆண்டுத் தேர்தலைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதியும் அதன் நோக்கமும்

கட்சிவாரியாக நடந்த முதற்கட்டத் தேர்தலை 2010 ஜூனில் நிறைவேறிய ‘முன்மொழிவு 14’ மாற்றியமைத்தது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெறுவர். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள், ஒரே கட்சியினராக இருந்தாலும், நவம்பரில் மோதுவர். இந்த விதி ஓர் அரசியல் பேரத்தில் பிறந்தது. 2009-இல் மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டம் நிறைவேற வாக்களிப்பதற்கு ஈடாக, இதைப் பொதுவாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநில செனட் உறுப்பினர் ஏபெல் மால்டொனாடோ கேட்டுப் பெற்றார். இரு கட்சியினரையும் கவரும் நடுநிலையாளர்கள் இதனால் மேலே வருவார்கள் என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர்.

வாக்குகள் சிதறினால் விளைவு எப்படியும் போகலாம் என்பதை 2012 காட்டியது. சான் பெர்னார்டினோ பகுதியின் 31-ஆம் தொகுதி ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அக்கட்சியின் நான்கு வேட்பாளர்கள் வாக்குகளைப் பிரித்துக்கொண்டதால், இறுதிச் சுற்றுக்குக் குடியரசுக் கட்சியினர் இருவர் முன்னேறினர்.

2016: இருவரும் ஒரே கட்சி

கலிபோர்னியாவின் மற்றொரு செனட்டர் பார்பரா பாக்ஸர் ஓய்வை அறிவித்தது 2015 ஜனவரி 8 அன்று. அப்போது துணை ஆளுநராக இருந்த கேவின் நியூசம், தான் போட்டியிடப் போவதில்லை என்று 12-ஆம் தேதி சொன்னார். மறுநாள் மாநில அட்டர்னி ஜெனரல் கமலா ஹாரிஸ் களமிறங்கினார். நியூசமின் பார்வை 2018 ஆளுநர் தேர்தல் மீது இருந்தது. ஒருவர் விலகினார், மற்றவர் நுழைந்தார். அந்த ஐந்து நாட்களிலேயே போட்டியின் வடிவம் பெரும்பாலும் முடிவாகிவிட்டது. தாய்வழியில் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஹாரிஸின் தேசிய அரசியல் தொடங்கியது இந்தப் போட்டியில்தான்.

இருப்பினும் நவம்பர் வாக்காளருக்கு ஒரு தேர்வு மிஞ்சியிருந்தது. முதற்கட்டத்தில் 34 பேர் நின்றனர். குடியரசுக் கட்சி வாக்குகள் பலரிடையே சிதறின. ஹாரிஸும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் லொரெட்டா சான்செஸும் இறுதிக்கு வந்தனர். ஜனநாயகக் கட்சிக்குள் எப்படிப்பட்டவர் வேண்டும் என்ற கேள்வி மாநிலம் முழுவதன் முன்னும் வைக்கப்பட்டது. ஹாரிஸ் சுமார் 62 விழுக்காடு பெற்று வென்றார்.

2024: அமைத்துக்கொண்ட போட்டி

ஃபைன்ஸ்டைன் இருக்கைக்குப் போட்டியிட்ட ஜனநாயகக் கட்சியினர் மூவரும் எளிதில் வேறுபடுத்திக் காணக்கூடியவர்கள். ட்ரம்ப் மீதான முதல் பதவிநீக்க விசாரணையில் வாதத்தைத் தலைமையேற்று நடத்தியவர் ஷிஃப். வெள்ளைப் பலகையும் கையுமாக நிறுவன அதிபர்களைக் குறுக்கு விசாரணை செய்து பெயர் பெற்றவர் போர்ட்டர். 2001 செப்டம்பரில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் வழங்கிய தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 420-க்கு 1 என்ற கணக்கில் ஏற்றபோது, அந்த ஒற்றை எதிர்வாக்கை அளித்தவர் லீ. இந்த மூவரில் இருவர் நவம்பரில் மோதியிருந்தால், 2016-ஐவிடக் கூர்மையான விவாதம் நடந்திருக்கும்.

அது நடக்கவில்லை. ஷிஃப்பும் அவருக்கு ஆதரவான குழுக்களும் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஸ்டீவ் கார்வியை மையமாகக் கொண்ட விளம்பரங்களை ஒளிபரப்பினர். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் முன்னாள் பேஸ்பால் நட்சத்திரமான கார்வியிடம் அந்த அளவுக்குப் பணபலம் கிடையாது. அவர் அளவுக்கு மீறிய பழமைவாதி என்று கண்டிப்பதுபோல அமைந்த விளம்பரங்கள், குடியரசுக் கட்சி வாக்காளருக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தன. போர்ட்டரும் சும்மா இருக்கவில்லை. கார்வியின் வாக்குகளைப் பிரிக்க, எரிக் எர்லி என்ற மற்றொரு குடியரசுக் கட்சி வேட்பாளரை இதே பாணியில் முன்னிறுத்தினார். ஆனால் போர்ட்டரிடம் இருந்த பணம் போதவில்லை. கிரிப்டோ நிறுவனங்களின் நிதியில் இயங்கும் ஃபேர்ஷேக் குழு அவரை எதிர்த்துச் சுமார் ஒரு கோடி டாலரைக் கொட்டியது.

மார்ச் 5 முடிவு: ஷிஃப் 31.6 விழுக்காடு, கார்வி 31.5, போர்ட்டர் சுமார் 15, லீ சுமார் 10. நவம்பரில் ஷிஃப் ஏறக்குறைய 59 விழுக்காட்டுடன் வென்றார்.

இடையில் ஒரு நியமனம்

2023 செப்டம்பர் 29 அன்று ஃபைன்ஸ்டைன் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். காலியிடத்தை நிரப்பும் அதிகாரம் அப்போது ஆளுநராக இருந்த நியூசமின் கைக்கு வந்தது. கறுப்பினப் பெண் ஒருவரையே நியமிப்பேன் என்று 2021-இல் அவர் வாக்களித்திருந்தார். அந்த வரையறைக்குள் லீ வருவார். ஆனால் போட்டியில் இருக்கும் ஒருவரை நியமித்தால் தராசு ஒரு பக்கம் சாயும் என்று நியூசம் கருதினார். லீ அதைக் கடுமையாகக் கண்டித்தார். நியமனம் பெற்ற லஃபோன்சா பட்லர், அக்டோபர் 19 அன்றே போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

நியமனம் என்பது பட்டம் சூட்டுவது ஆகிவிடாது என்பதற்கும் இதே இருக்கை முன்னுதாரணம் தருகிறது. 1991-இல் ஆளுநரான பீட் வில்சன், தான் விட்டுவந்த செனட் இடத்தில் ஜான் சீமோரை அமர்த்தினார். மறு ஆண்டே சீமோரைத் தோற்கடித்து அங்கே வந்தவர்தான் ஃபைன்ஸ்டைன். ஆயினும், 2023-இல் லீயை நியமிக்காமல் விட்டது நடுநிலை ஆகாது. பணத்திலும் அறிமுகத்திலும் முந்தியிருந்தவருக்கே அந்த முடிவு சாதகமாக அமைந்தது.

மறுப்பும் அதன் எல்லையும்

2022-இன் இறுதியிலேயே இரண்டு கோடி டாலருக்கு மேல் கையிருப்பு வைத்திருந்த ஷிஃப், யார் எதிரே நின்றாலும் வென்றிருப்பார் என்று மறுப்பு எழலாம். குடியரசுக் கட்சியினரில் பலர் எப்படியும் கார்வி பக்கம் திரண்டிருப்பார்கள் என்றும் சொல்லலாம். இரண்டாவது வாதத்தில் வலு உண்டு. ஃபைன்ஸ்டைனின் பதவிக்காலத்தில் எஞ்சிய சில வாரங்களை நிரப்ப மார்ச் 5 அன்றே நடந்த தனி வாக்கெடுப்பில், கார்வி சுமார் 33 விழுக்காட்டுடன் ஷிஃப்பை முந்தினார். அந்தச் சீட்டில் வேட்பாளர்கள் மிகக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனவே விளம்பரங்கள்தான் கார்வியை உருவாக்கின என்று அறுதியிட முடியாது. இக்கட்டுரையின் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. ஷிஃப் தரப்பு தனக்கு ஏற்ற எதிராளி யார் என்று கணித்து, அதற்குப் பெரும்பணம் செலவிட்டது. போர்ட்டர் தரப்பும் அதே கணக்கைப் போட்டது. முதல் இருவர் முறை வேட்பாளர்களை நடுநிலைக்கு இழுக்கும் என்ற வாக்குறுதி இந்த உத்தியை முன்கூட்டிப் பார்க்கவில்லை. 2016-இல் சான்செஸுக்கு வாக்களித்த குடியரசுக் கட்சியினர் ஜனநாயகக் கட்சியின் உட்போட்டியில் பங்கேற்றனர். 2024-இல் கார்விக்கு விழுந்த 41 விழுக்காடு, ஷிஃப்பா போர்ட்டரா லீயா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. அந்தக் கேள்விக்கான விடை மார்ச் 5 அன்றே வந்துவிட்டது.