கொடுமரம் (வில்)

கொடுமரம் என்பது வில்லைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 'வளைந்த மரம்' என்பது இதன் நேர்ப்பொருள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் சங்க கால வரலாறு வில்லோடும் வேட்டையோடும் தொடர்புடையது. வில் ஏந்தியவர்களைப் பற்றி இலக்கியம் நிறையப் பேசுகிறது. வில்லைச் செய்தவர்களின் தொழிலறிவு பெரும்பாலும் சொற்களில் மட்டுமே எஞ்சியுள்ளது.

பெயர்கள்

'சிலை' என்ற சொல் வில்லையும், வில் செய்ய உதவிய ஒரு மரவகையையும் குறித்தது. ஆயுதமும் அதற்கான மரமும் ஒரே பெயரைப் பெற்றிருந்தன. 'வரிசிலை' என்பதற்கு வரிந்து கட்டப்பட்ட வில் என்று பொருள் கொள்வர். வில்லின் முனையில் நாணை மாட்டுவதற்கான வெட்டு 'குதை' எனப்பட்டது. மரம், கட்டு, வெட்டு என வில் செய்யும் வேலையின் படிகள் இச்சொற்களில் பதிந்துள்ளன.

வட்டாரமும் வில்லும்

திண்டிவனம் பகுதி சங்க காலத்தில் ஓய்மா நாடு எனப்பட்டது. அதன் தலைவன் நல்லியக்கோடன். அவனது ஊரான கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் பகுதியாக உள்ளது. அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படை, வேலூரில் எயினர் குடிப் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சோற்றையும் ஆமான் இறைச்சியையும் பாணருக்கு அளிப்பதைக் கூறுகிறது. எயினர் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். திண்டிவனம் என்ற பெயரும் புளியங்காட்டைக் குறிக்கும் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது.

விழுப்புரத்துக்கு மேற்கே திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் போரில் கொன்றான். ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றைத் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடினார். அந்த வில்லைச் செய்தவரைப் பற்றிப் பாடல் எதுவும் சொல்வதில்லை. செங்கம் பகுதி நடுகற்களிலும் வில்லேந்திய வீரர்கள் உள்ளனர். கல்லில் வில்லின் வடிவம் தெரியும். மரத்தின் நார் ஓட்டம் தெரியாது.

மரத்தில் வில்லைக் குறித்தல்

வறண்ட நிலத்துக் காட்டு மரங்கள் நேராக வளர்வது அரிது. முறுக்கு, கோணல், கணு ஆகியவை இல்லாத கட்டை எளிதில் கிடைக்காது. ஒற்றை மரத்தில் வில் செய்பவர்கள் உலகெங்கும் இதற்குக் கையாண்ட வழி ஒன்றுதான்: நேர்க்கோட்டை விட்டு நாரைப் பின்பற்றுவது. கட்டையை ரம்பத்தால் நேராக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். வில் அந்த இடத்தில் பிளந்து உடையும். எனவே ஆப்பு வைத்துப் பிளந்து, மரம் தானே காட்டும் ஓட்டத்தில் நடுக்கோட்டை வரைவர்.

வில்லை வளைக்கும்போது வெளிப்புறமான முதுகு இழுபடும். வில்லாளியை நோக்கிய வயிறு அழுத்தப்படும். மரம் பெரும்பாலும் இழுபடும் பக்கத்தில் முறியத் தொடங்கும் என்பதால் பட்டைக்கு அடியிலுள்ள பரப்பை வெட்டாமல் முதுகாக வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு வளையங்கள் தெளிவாக இல்லாத வெப்பமண்டல மரங்களில் இம்முறை மேலும் உதவுகிறது.

நடுக்கோடு பாம்புபோல் நெளிந்தாலும் பிழையில்லை. முனைக்கு முனை நூல் பிடித்தால் அது கைப்பிடியைக் கடக்க வேண்டும். கடக்காவிட்டால் நாண் ஒரு பக்கம் ஒதுங்கி வில் முறுகும். கணுவைச் சுற்றி நார் விலகிச் செல்வதால் அங்கே கூடுதல் மரம் விடப்படும். கணு விளிம்பில் வருவதைவிட அகலத்தின் நடுவிலோ கைப்பிடியிலோ வருவது பாதுகாப்பானது. அதன் பிறகு வயிற்றுப் பக்கத்தைச் சிறிது சிறிதாகச் சீவி, வளைத்துப் பார்த்து, இரு கைகளும் ஒத்து வளையும்வரை வேலை தொடரும்.

பிற நாட்டுச் சான்றுகள்

1545-ல் மூழ்கி 1982-ல் மீட்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. அவற்றில் கணுக்களைச் சுற்றி மரம் மேடாக விடப்பட்டிருப்பதைக் காணலாம். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் கண்டெடுக்கப்பட்ட, 5000 ஆண்டுகளுக்கும் முந்தைய 'ஓட்சி' மனிதனிடம் செய்து முடிக்கப்படாத யூ மர வில் ஒன்று இருந்தது. அதில் சீவிய தடங்கள் அப்படியே உள்ளன. பனியும் கடற்சேறும் அங்கே மரத்தைக் காத்தன. தமிழகத்தின் வெப்பமும் கரையானும் அத்தகைய சான்றுகளை விட்டுவைப்பதில்லை.

இன்று

துப்பாக்கியின் பரவலாலும் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தாலும் வில் வேட்டைக்குரிய இடம் மறைந்தது. விழுப்புரம், திண்டிவனம் பகுதி ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களின்போது நிகழும் வில்வளைப்பு, அர்ச்சுனன் தபசு ஆகிய கூத்துகளில் வில் இன்றும் மேடையேறுகிறது. கூத்து வில் அம்பெய்ய வேண்டியதில்லை என்பதால் அதற்கு வடிவம் போதும், நாரின் ஓட்டம் தேவையில்லை. நாரறிந்து வில் செய்த கைகளின் நினைவைக் 'கொடுமரம்', 'சிலை' போன்ற சொற்கள் காத்துவருகின்றன.